பின்னட்டைக் குறிப்பு எழுதும் முன்

பிரெஞ்சில் எழுதும் ஆப்பிரிக்க நாவலாசிரியர் ஒருவரைப் பற்றிப் பின்னட்டைக்குப் பத்து வரி எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறந்த நாடு, வாங்கிய பரிசு, 'ஆப்பிரிக்காவின் குரல்' என்று ஒரு வரி. கால் மணி நேர வேலை. மொழிபெயர்க்கத் தொடங்கிய காலத்தில் நானும் அப்படித்தான் எழுதினேன். மரி ந்தியாயைப் பற்றிய ஒரு குறிப்பில் 'செனகல் எழுத்தாளர்' என்று போட்டேன், அப்படியே அச்சாகிவிட்டது. அவர் பிறந்தது பிரான்ஸில், பித்திவியே என்ற ஊரில். அம்மா பிரெஞ்சுக்காரர். செனகல்காரரான அப்பா, மகள் கைக்குழந்தையாக இருந்தபோதே பிரிந்து போய்விட்டார். தன்னை ஆப்பிரிக்க எழுத்தாளர் என்று சொல்வதை அவர் ஏற்பதில்லை. பெயரையும் நிறத்தையும் பார்த்து நானே முடிவு கட்டியிருந்தேன். அது இன்றைக்கும் உறுத்துகிறது. அதற்கப்புறம், எழுதும் முன் சில விஷயங்களைத் தேடிப் பார்க்காமல் பேனாவை எடுப்பதில்லை.

முதலில் பெயர். அது பெற்றோர் வைத்ததா, அவரே வைத்துக்கொண்டதா? காமரூன் நாவலாசிரியர் மோங்கோ பெத்தியின் இயற்பெயர் அலெக்சாந்த்ர் பியிதி. 1954இல் முதல் நாவலை எசா போட்டோ என்ற பெயரில் வெளியிட்டார். பாதிரியார்களின் மிஷனைக் கேலி செய்த நாவல் 1956இல் வந்தபோது பெயர் மோங்கோ பெத்தி ஆகியிருந்தது. பெத்தி மண்ணின் பிள்ளை என்று பொருள். காலனி ஆட்சி நடந்துகொண்டிருந்தபோது பாரிஸில் அச்சான புத்தகத்தின் அட்டையில் தன் இனத்தின் பெயரையே தன் பெயராகப் போட்டவர் அவர். அந்தப் பெயருக்கு ஏற்றபடி வாழ்ந்தாரா என்பதையும் தேடுங்கள். காமரூன் அரசியலைப் பற்றி அவர் 1972இல் எழுதிய புத்தகத்தை பிரெஞ்சு அரசு தடை செய்தது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சொந்த நாட்டில் கால் வைக்காமல், பிரான்ஸின் ருவான் நகரில் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தார். திரும்பிப் போன பிறகு, 1994இல் காமரூன் தலைநகர் யாவுந்தேயில் ஒரு புத்தகக் கடை திறந்தார். அந்தக் கடை இல்லாத குறிப்பு எனக்குக் குறிப்பாகவே படாது.

அடுத்து, புத்தகம் எந்த ஊரில் வந்தது என்று பாருங்கள். ஐவரி கோஸ்ட்டின் அமது குரூமா தன் தாய்மொழியான மலின்கேயின் நடையில் பிரெஞ்சை வளைத்து எழுதினார். பிரான்ஸில் நிராகரிக்கப்பட்ட அவருடைய முதல் நாவல் 1968இல் கனடாவின் மொன்றியலில் வந்தது. பாரிஸ் பதிப்பு 1970இல்தான். 2021இல் பிரான்ஸின் பெரிய இலக்கியப் பரிசான கோன்கூரைப் பெற்ற, செனகலைச் சேர்ந்த முகமது எம்புகர் சாரின் நாவலை பாரிஸின் பிலிப் ரே, செனகலின் டக்கரில் உள்ள ஜிம்சான் என்ற இரண்டு பதிப்பகங்கள் சேர்ந்து வெளியிட்டன. குறிப்பில் இரண்டையும் போடுங்கள். சமர்ப்பணப் பக்கத்தையும் விடாதீர்கள். சார் அந்த நாவலை மாலி எழுத்தாளர் யாம்போ உவோலோகெமுக்குச் சமர்ப்பித்திருக்கிறார். 1968இல் பிரான்ஸின் ரெனோதோ இலக்கியப் பரிசு வாங்கி, பின்னர் இலக்கியத் திருட்டுக் குற்றச்சாட்டுக்கு ஆளாகி, மாலிக்குத் திரும்பி, இலக்கிய உலகத்திலிருந்து ஒதுங்கியே வாழ்ந்தவர் அவர். அப்படிப்பட்டவரின் வாரிசாக ஓர் இளைஞர் தன்னை நிறுத்திக்கொள்கிறார் என்றால், அது வெறும் நன்றி அறிவிப்பு இல்லை.

பிறகு, எதை மறுத்தார் என்று தேடுங்கள். பிரான்ஸில் பிறந்தவர் எழுதினால் 'பிரெஞ்சு இலக்கியம்', காங்கோக்காரர் எழுதினால் 'பிராங்கோபோன் (பிரெஞ்சு பேசுவோர்) இலக்கியம்' என்று பிரிக்கும் பழக்கம் உண்டு. இதை எதிர்த்து 2007இல் 'லெ மோந்த்' இதழில் 44 எழுத்தாளர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அதில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர் காங்கோ பிராசவில்லின் அலேன் மபாங்கூ. 2018இல் பிரெஞ்சு மொழி பேசும் நாடுகளை இணைக்கும் பிராங்கோபோனி பற்றிய திட்டத்தில் சேர அதிபர் மக்ரோன் அழைத்தபோதும் பகிரங்கக் கடிதம் எழுதி மறுத்தார். ஆனால் 2016இல் பாரிஸின் புகழ்பெற்ற கல்வி நிறுவனமான கொலேஜ் த பிரான்ஸில் பாடம் நடத்த அழைத்தபோது போனார். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் ஆள் தெரிவார். புகைப்படத்தில் அவர் தலையில் இருக்கும் தொப்பியையும் பளிச்சென்ற கோட்டையும் அலங்காரம் என்று தள்ளிவிட வேண்டாம். நேர்த்தியாக உடுத்துவதை ஒரு வாழ்க்கை முறையாகவே வைத்திருக்கும் 'சப்பர்' மரபு காங்கோவில் இருக்கிறது. 2009இல் வந்த அவருடைய நாவலின் கதைசொல்லியும் ஒரு சப்பர்தான்.

மொழி பற்றி ஒரு வரி போதும், ஆனால் அது கட்டாயம் வேண்டும். பிரான்ஸின் மார்செய் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய செனகல்காரர் உஸ்மான் செம்பேன் நாவலாசிரியராகி, பிறகு எழுத்தறியாத மக்களுக்கும் போய்ச் சேர வேண்டும் என்று சினிமாவுக்குப் போய், 1968இல் செனகல் மக்கள் பேசும் வொலோஃப் மொழியில் படம் எடுத்தார். இன்னொரு செனகல் எழுத்தாளர் பூபக்கர் போரிஸ் தியோப் 2003இல் நாவலையே வொலோஃபில் எழுதினார். இவர்களை 'பிரெஞ்சு மொழி எழுத்தாளர்' என்று முடித்துவிட்டால் பாதி ஆள் விடுபட்டுப் போவார்.

சரி, நான் தவறாக எழுதிய குறிப்பை இன்று எழுதினால் இப்படி எழுதுவேன்: 'மரி ந்தியாய், பிரெஞ்சு நாவலாசிரியர். 1967இல் பித்திவியேயில் பிறந்தார். பதினெட்டு வயது ஆவதற்குள் முதல் நாவலை எழுதிவிட்டார். மினுய் பதிப்பகம் அதை 1985இல் வெளியிட்டது. பிரான்ஸுக்கும் செனகலுக்கும் இடையே நகரும் நாவலுக்காக 2009இல் கோன்கூர் பரிசு பெற்றார்.'