அக்கா வீட்டில் முயல் சாப்பிடத் தொடங்கிய விதம்

எங்கள் முயலை அக்கா வீட்டுக்குக் கூட்டிப் போனால் அங்கே எதையும் தொடாது. மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும், புழுக்கையும் போடாது. முயலுக்கு இது சும்மா விடக்கூடிய விஷயம் இல்லை. அதன் குடல் இயங்கிக்கொண்டே இருக்க வேண்டும். 12 மணி நேரம் சாப்பிடாமல் கிடந்தாலே உயிருக்கு ஆபத்தாகலாம், உடனே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கடைசியில் கைகொடுத்தது வாசனைதான். இப்போது கூண்டில் புதுத் துணி விரிப்பதில்லை. வீட்டில் அது படுத்துப் புரண்ட பழைய துண்டைத் துவைக்காமல் அப்படியே போடுகிறேன். கழிவுத் தட்டிலும் கொஞ்சம் பழைய புல்லை விட்டுவைப்பேன். தின்பதற்கு வழக்கமான அதே காய்ந்த புல், அதே தண்ணீர்க் கிண்ணம்.

போய்ச் சேர்ந்ததும் ஆள் நடமாட்டம் இல்லாத அறையில் கூண்டுக் கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்துவிடுவேன். தூக்கி வெளியே விடுவதில்லை, அதுவாக வரட்டும். முதலில் மூக்கு மட்டும் எட்டிப் பார்க்கும். அப்புறம் துண்டை முகர்ந்துவிட்டு, புல்லை ஒவ்வொன்றாக இழுக்கத் தொடங்கும். அந்தக் கறுக் முறுக் சத்தம் கேட்டால்தான் எனக்கு நிம்மதி.

குழந்தைகளிடம் அக்காவே முன்கூட்டிச் சொல்லிவிடுவாள்: தூக்கக் கூடாது, தரையில் உட்கார்ந்து காத்திருக்கணும். தரையில் கிடக்கும் மின் ஒயர்களை நான் சுருட்டி மேலே வைத்துவிடுவேன், கண்ணில் பட்டால் கடித்துவிடும். வெயிலில் நிற்கும் காரில் மட்டும் ஒரு நிமிடம்கூட விடாதீர்கள்; முயலால் வியர்த்துச் சூட்டைத் தணித்துக்கொள்ள முடியாது.