கலை மையத்துக்குப் போகும்போது பலரும் சொதப்பும் இடங்கள்

நகரத்துக் கலை மையத்தை இன்னொரு அருங்காட்சியகம் என்று நினைத்துக்கொண்டு போவதுதான் முதல் தவறு, மற்ற தவறுகளில் பாதி அதிலிருந்தே வருகிறது. அருங்காட்சியகத்தில் இருப்பதெல்லாம் செய்து முடித்த பொருள்கள். இங்கே பாதி விஷயம் உங்கள் கண்முன்னே இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும். பாரிஸில் 104 என்ற கதவு எண்ணையே பெயராகக் கொண்ட ஒரு மையம் இருக்கிறது. முன்பு நகராட்சியின் ஈமச்சடங்குப் பணிகளுக்கான கட்டடம் அது, 2008இல் கலை மையமாகத் திறந்தார்கள். அதன் பெரிய கூடத்தில் யார் வேண்டுமானாலும் வந்து ஆடிப் பழகலாம், ஹிப்-ஹாப் கூட்டம் ஒரு பக்கம், சர்க்கஸ் வித்தை பழகுகிறவர்கள் ஒரு பக்கம். இப்படிப்பட்ட கூடத்தை வெறும் நடைவழியாக நினைத்து, கண்காட்சி அறையைத் தேடி ஓடினால் பாதியைத் தவறவிட்டீர்கள் என்று அர்த்தம்.

சரி, நின்று பார்க்கிறீர்கள். உடனே போனை எடுத்து வீடியோ பிடிக்காதீர்கள். மேடையில் ஆடுவது வேறு, பழகுவது வேறு. ஒரே அசைவைப் பத்துத் தடவை செய்து ஒன்பது தடவை விழும் இடம் அது, அந்த ஒன்பதில் ஒன்று இணையத்தில் சுற்றுவதை யார்தான் விரும்புவார்கள்? ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள், பலர் சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள். அப்புறம் இன்னொன்று: கண்ணாடிச் சுவரைப் பார்த்து ஆடுகிறவர்கள் அதில் தங்கள் பிம்பத்தைத்தான் பார்க்கிறார்கள், நடுவில் போய் நின்று செல்ஃபி எடுக்காதீர்கள் (நான் ஒருமுறை நின்றிருக்கிறேன், அவர்கள் பொறுமையாகக் காத்திருந்ததுதான் கூடுதல் அவமானம்). லண்டன் சவுத்பேங்க் மையத்தின் அடித்தளத்தில் 1970களிலிருந்து ஸ்கேட்போர்டு ஓட்டுகிறார்கள். அங்கே கடைகள் கட்டும் திட்டம் வந்தபோது போராடி, 2014இல் இடத்தைத் தக்கவைத்துக்கொண்டார்கள். அவர்கள் அங்கே வேடிக்கைப் பொருள் கிடையாது.

கிளம்பும் முன் அதிகாரபூர்வ தளத்தைப் பார்க்காமல் போவது அடுத்தது. பல மையங்களுக்குத் திங்கள் விடுமுறை, சிலவற்றுக்குச் செவ்வாய். 1977இல் பாரிஸில் திறந்த பாம்பிடூ கலை மையமே புதுப்பிப்புப் பணிக்காக 2025இல் மூடப்பட்டுவிட்டது, 2030 வரை திறப்பதாக இல்லை. பழைய பயணக் குறிப்பை நம்பிப் போனால் வெளியில் ஓடும் வண்ணக் குழாய்களைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். ‘இலவசம்’ என்பதை ‘முன்பதிவு தேவையில்லை’ என்று படிப்பதும் இதே ரகம். இலவசப் பட்டறைகளில்தான் இடம் முதலில் தீரும். நாடகத்துக்குத் தாமதமாகப் போனால் பல அரங்குகளில் இடைவேளை வரை வெளியே நிற்க வைப்பார்கள், சண்டை போட்டுப் பயனில்லை.

முதுகுப்பையை லாக்கரில் வைத்துவிடுங்கள். நாம் திரும்பும்போது பையும் திரும்புகிறது, ஆனால் நமக்கு அது தெரிவதில்லை.

அறை இருட்டாக இருக்கிறது என்று குறைபட்டுக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். காகிதமும் துணியும் வெளிச்சத்தில் மங்கிப்போகும், மங்கியது திரும்பி வராது. அதனால்தான் அவற்றுக்குச் சுமார் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வாசலில் இரண்டு நிமிடம் நின்றால் கண் பழகிவிடும். தொடாதே என்ற பலகையும் வீம்புக்கு வைத்ததில்லை, விரலில் இருக்கும் உப்பும் எண்ணெயும் உலோகத்தை அரிக்கும். தொட்டுப் பார்க்கவென்றே செய்த படைப்புகளும் இம்மாதிரி மையங்களில் நிறைய உண்டு, அங்கே கையைக் கட்டிக்கொண்டு நிற்பதும் தவறுதான்.

எல்லா மாடியையும் ஒரே நாளில் முடித்துவிடும் வெறி வேண்டாம். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் நடத்தி 2001இல் வெளியான ஆய்வின்படி, ஒரு படைப்பின் முன் மக்கள் நின்ற நேரம் சராசரியாக 27.2 விநாடி. அதில் பக்கத்திலிருக்கும் குறிப்பைப் படித்த நேரமும் அடக்கம்! மூன்றே படைப்புகளைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்து நிமிடம் கொடுத்துப் பாருங்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று குழப்பமா? அறை மூலையில் நிற்கும் காவல் பணியாளரிடம் கேளுங்கள். நாள் முழுக்க அந்தப் படைப்புகளோடு இருப்பவர் அவர், எது எப்போது இயங்கும், எங்கே கூட்டம் குறைவு, எல்லாம் அத்துப்படி. நாமோ அவரிடம் கழிவறைக்கு மட்டும்தான் வழி கேட்கிறோம்.