கூடத்தை அளந்துவிட்டு டிவி வாங்குங்கள்

சம்பா அறுவடை முடிந்து நெல்லுக்குப் பணம் வந்ததும் அக்கா போன் செய்தாள். "அத்தான் 55 இன்ச் வாங்கலாம்னு சொல்றாரு. நீ கூட வாடா, கடைக்குப் போவோம்" என்றாள். கடைக்கு வருகிறேன், ஆனால் அதற்கு முன்னால் உன் வீட்டுக்கு வருகிறேன் என்றேன்.

திருத்துறைப்பூண்டியில் 24 வருடமாக டிவி சர்வீஸ் செய்கிறேன். அப்பாவுக்கும் இதே தொழில்தான். 1980களில் இலங்கையின் ரூபவாஹினி தெரிய வேண்டும் என்பதற்காக வேதாரண்யம் வரைக்கும் சைக்கிளில் போய், 40 அடிக் குழாயில் ஆண்டெனா ஏற்றிக் கொடுத்தவர். என் மேஜைக்கு வரும் டிவிகளில் கம்பெனி செய்த குறையால் வருபவை கொஞ்சம்தான். இடி, லைன், சுவர், ஈரம், பல்லி, இவற்றால் வருபவைதான் அதிகம். யார் வந்து கேட்டாலும் கூடத்தைப் பாருங்கள், லைனைப் பாருங்கள், டிவியைக் கடைசியில் பார்க்கலாம் என்று சொல்வது அதனால்தான்.

அக்கா வீடு நீடாமங்கலம் பக்கத்து கிராமம். ஓட்டு வீடு. நடுவில் முற்றம், சுற்றிக் கூடம். டிவி மாட்ட நினைத்த சுவரிலிருந்து ஊஞ்சல் வரைக்கும் டேப் பிடித்தேன். ஏழடி இருந்தது. கணக்கு எளிது: உட்காரும் தூரத்தை இன்ச்சில் எடுத்து ஒன்றரையால் வகுத்துக்கொள்ளுங்கள். ஏழடி என்றால் 84 இன்ச், வகுத்தால் 56. ஆக 55 இன்ச் சரி. ஐந்தரை அடிதான் இருக்கிறது என்றால் 43 போதும். எட்டடிக்கு மேல் போனால் 65 யோசிக்கலாம்.

இந்தக் கணக்கு நல்ல 4கே படம் பார்ப்பவர்களுக்கு. பகல் முழுக்க கேபிளில் சீரியலும் செய்தியும் மட்டும் ஓடும் வீட்டுக்கு வேறு கணக்கு. சாதாரண எஸ்.டி. சேனலில் ஒரு படத்துக்கு 720க்கு 576 புள்ளிகள். 4கே திரையில் 3840க்கு 2160. பெருக்கிப் பாருங்கள், சரியாக 20 மடங்கு. ஒரு புள்ளியை இருபதாக இழுத்துப் பரப்பினால் முகமெல்லாம் மெழுகு பூசினாற்போல் இருக்கும். வயதானவர்கள் இருவர் மட்டும் இருந்து கேபிள் பார்க்கிற வீட்டுக்கு ஏழடி தூரத்திலும் 43 இன்ச்தான் சொல்வேன். மீதிப் பணத்தில் எச்.டி. சேனல் பேக் போட்டுக்கொள்ளட்டும்.

அடுத்து, யார் எங்கே உட்காருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். அக்காவின் மாமியாரை நானும் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவர் ஊஞ்சலில் உட்கார மாட்டார். வலது பக்கத் தூணில் சாய்ந்து, தரையில் கால் நீட்டிப் பூக் கட்டிக்கொண்டேதான் பார்ப்பார். திரையை அவர் பார்ப்பது நன்றாகச் சாய்ந்த கோணத்தில். இந்த இடத்தில்தான் பேனல், அதாவது படம் காட்டும் திரையின் வகை முக்கியமாகிறது. எல்.இ.டி. டிவிகளில் ஐ.பி.எஸ்., வி.ஏ. என்று இரண்டு வகைப் பேனல் வருகிறது. வி.ஏ. பேனலில் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும், இரவில் விளக்கணைத்துப் படம் பார்க்க அருமை. ஆனால் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிறம் வெளிறிவிடும். ஐ.பி.எஸ். பேனலில் கறுப்பு சற்றுச் சாம்பலாக இருந்தாலும் எந்த மூலையிலிருந்தும் படம் ஏறக்குறைய ஒரே மாதிரி தெரியும். அத்தைக்காக ஐ.பி.எஸ். என்று முடிவு செய்தோம். டெல்டா வீடுகளில் எல்லோரும் சோபாவில் வரிசையாக உட்கார்வது அபூர்வம். வாசல்படியில் ஒருவர், தரையில் இருவர் என்றுதான் இருப்பார்கள். அட்டையில் வகை போட்டிருக்காது. கடையிலேயே பக்கவாட்டில் நின்று, பிறகு குனிந்தும் பாருங்கள், ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கியூ.எல்.இ.டி. என்பதும் திரைக்குப் பின்னாலிருந்து ஒளி தரும் எல்.இ.டி. பேக்லைட் உள்ள டிவிதான், நிறத்தைத் தெளிவாக்க நடுவில் குவான்டம் டாட் படலம் ஒன்று கூடுதலாக இருக்கும். ஓ.எல்.இ.டி. முற்றிலும் வேறு. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிவிடும், கறுப்பு என்றால் மை மாதிரிக் கறுப்பு, பக்கவாட்டிலும் மங்காது. அதைவிட அழகான படம் நான் பார்த்ததில்லை. இருந்தும் செய்தி சேனல் காலையிலிருந்து ஓடும் வீட்டுக்கு அதைச் சொல்ல மனம் வராது. அசையாத சேனல் சின்னமும் கீழே ஓடும் பட்டையும் வருடக்கணக்கில் அதே இடத்தில் நின்றால் திரையில் தடம் பதியலாம். முற்றத்து வெயில் நேராகத் திரையில் விழுகிற கூடத்துக்கும் பிரகாசமான எல்.இ.டி.தான் ஏற்றது. அக்கா வீட்டில் முற்றத்துக்கு எதிர்ச் சுவரை விட்டுப் பக்கச் சுவருக்கு மாற்றினோம், பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

சரி, இனி லைனுக்கு வருகிறேன். தயவுசெய்து இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் ஐப்பசி மழையில் எங்கள் தெருக் கம்பத்தில் தென்னை மட்டை விழுந்து நியூட்ரல் கம்பி அறுந்தது. மூன்று பேஸுக்கும் பொதுவான அந்த ஒரு கம்பி போனால், 230 வோல்ட் வர வேண்டிய வீட்டில் 400 பக்கம்கூட ஏறலாம். கூடத்து பல்பு பளீரென்று வெள்ளையாக எரிந்ததைப் பார்த்தேன். எழுந்து மெயினை அணைப்பதற்குள் என் வீட்டு டிவியின் பவர் போர்டு வெடித்துவிட்டது. ஸ்பைக் கார்டு போட்டுத்தான் இருந்தேன். கண நேரம் வந்து போகும் மின்வீச்சைத்தான் அது தாங்கும், நின்று எரியும் 400 வோல்ட்டைத் தாங்காது. அன்று கற்றுக்கொண்டது இது: மெயின் போர்டில், லோடு கூடினால் தானே விழும் எம்.சி.பி. சுவிட்சின் பக்கத்தில் ஓவர் வோல்டேஜ் கட்ஆஃப் ஒன்று போட வேண்டும். 260, 270 வோல்ட்டைத் தாண்டினால் லைனை அறுத்துவிடும், சரியானதும் கொஞ்ச நேரம் கழித்துத் தானே சேர்த்துவிடும். அது டிவியோடு பிரிட்ஜையும் காக்கும்.

வயலில் மோட்டார்கள் ஓடும்போது வோல்டேஜ் இறங்குகிறதே, ஸ்டெபிலைசர் வேண்டாமா என்று கேட்பார்கள். டிவியின் முதுகில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். பெரும்பாலானவற்றில் 100 முதல் 240 வோல்ட் என்று இருக்கும். இறங்குவதை டிவி தாங்கிக்கொள்ளும், ஏறுவதுதான் ஆபத்து. ஸ்டெபிலைசர் வாங்குவதானால் அதிக வோல்டேஜில் கட் ஆகும் வசதி உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள்.

எர்த் அடுத்தது. இப்போது பல டிவிகளுக்கு இரண்டு பின் பிளக்தான் வருகிறது, எர்த் எதற்கு என்று தோன்றும். ஸ்பைக் கார்டு மின்வீச்சைப் பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் மண்ணுக்குத் தள்ள அந்த மூன்றாவது கம்பி வேண்டும். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் உப்பு மண்ணில் இரும்புக் குழாய் சீக்கிரம் அரித்துவிடும், மேலே பார்த்தால் தெரியாது. வருடம் ஒரு முறை எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுச் சோதியுங்கள்.

இடி விஷயத்தில் பலர் பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். என் மேஜையில் கிடந்த போர்டு ஒன்றைக் காட்டுகிறேன்: பவர் பகுதி புத்தம் புதிதாக இருக்கிறது. செட்டாப் பாக்ஸ் வயரைச் செருகும் எச்.டி.எம்.ஐ. துளைக்குப் பின்னால் இருக்கும் சின்ன ஐ.சி. சிப்பின் நடுவில் மட்டும் கடுகளவு ஓட்டை, சுற்றிலும் கரி. இடி வந்த வழி கேபிள் வயர். அது செட்டாப் பாக்ஸில் இறங்கி, அங்கிருந்து எச்.டி.எம்.ஐ. வழியாக டிவிக்குள் போயிருக்கிறது. ஆகவே வானம் கறுத்தால் பிளக்கோடு சேர்த்துச் செட்டாப் பாக்ஸின் பின்னால் திருகியிருக்கும் கேபிளையும் கழற்றி வையுங்கள். டிஷ் வைத்திருப்பவர்களுக்கும் இதேதான். ஃபைபர் இன்டர்நெட்டின் கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது, அந்த வழியாக இடி வராது. மோடத்தின் அடாப்டரைப் பிடுங்கினால் போதும்.

2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. அந்த மிச்சத்தில் இன்னும் பெரிய திரை வாங்காமல், நான் மேலே சொன்ன கட்ஆஃப், எர்த் வேலைகளைச் செய்யுங்கள் என்றேன் அத்தானிடம். ஒப்புக்கொண்டார்.

கடைக்குப் போகும்போது பென் டிரைவ் ஒன்றில் உங்கள் கல்யாண வீடியோவையோ கோயில் திருவிழா வீடியோவையோ போட்டு எடுத்துப் போங்கள். கடையில் ஓடும் கிளி, பூ படங்கள் எந்த டிவியிலும் அழகாகத்தான் தெரியும். நிறத்தைத் தூக்கிக் காட்டும் விவிட் மோடை எடுத்துவிட்டு சினிமா மோடில் வைக்கச் சொல்லுங்கள். மனித முகத்தின் நிறம், பட்டுப் புடவையின் அரக்குச் சிவப்பு, இரவுக் காட்சியில் இருட்டு, இவற்றைப் பாருங்கள். கேபிள் சேனலும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ரிமோட்டில் அழுத்தியதும் மெனு எவ்வளவு வேகமாக வருகிறது என்பதும் முக்கியம். ரேம் குறைந்தது 2 ஜி.பி. இருக்கட்டும். சில வருடம் கழித்து மெதுவானால் டிவியை மாற்ற வேண்டியதில்லை, இன்டர்நெட் படங்களை ஓட்டும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்றை எச்.டி.எம்.ஐ. துளையில் செருகினால் போதும். அந்த ஸ்டிக்குக்கு டிவியின் யு.எஸ்.பி.யிலிருந்து கரண்ட் எடுக்காமல் அதனுடன் வரும் அடாப்டரைப் போடுங்கள்.

எச்.டி.எம்.ஐ. துளை மூன்று வேண்டும். வீடியோ கேம் பெட்டியில் 4கே படம் 120 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 120 படமாக வேண்டும் என்கிற பையன்கள் வீட்டில் இருந்தால்தான் எச்.டி.எம்.ஐ. 2.1 தேவை. மற்றவர்களுக்கு 2.0 தாராளம். 4கே படம் இன்டர்நெட்டில் தடங்கலின்றி ஓட 25 எம்.பி.பி.எஸ். இருந்தால் நல்லது. பழைய வீட்டின் கனத்த சுவரை 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை சரியாகத் தாண்டாது, லேன் வயர் ஒன்று இழுத்துவிடுங்கள்.

சத்தத்தைப் பற்றி அத்தையிடம்தான் கேட்டேன். "பாட்டு கேக்குதுப்பா, பேசுறதுதான் புரியல" என்றார். வயதான காதுகளுக்கு இதுதான் குறை, வால்யூமை 45 வைத்தாலும் தீராது. மெல்லிய டிவிகளின் ஸ்பீக்கர் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ இருப்பதால் பேச்சு கரைந்துபோகும். டிவிக்குக் கீழே வைக்கும் நீள ஸ்பீக்கரான சவுண்ட்பாரில் 3.1 வகை வாங்கினோம். அதில் நடு ஸ்பீக்கர் பேச்சுக்கென்றே தனியாக இருக்கிறது. வூஃபர் பெரிதாக இருப்பதைப் பார்த்து, நடு ஸ்பீக்கர் இல்லாத 2.1 எடுத்துவிடாதீர்கள். சவுண்ட்பார் வயரை ஏ.ஆர்.சி. அல்லது இ.ஏ.ஆர்.சி. என்று எழுதிய துளையில்தான் செருக வேண்டும். அந்த இடத்தில் செட்டாப் பாக்ஸைச் செருகிவிட்டு, சவுண்ட்பார் கெட்டுவிட்டது என்று தூக்கிக்கொண்டு வருபவர்கள் நிறைய.

மாட்டும்போது உயரத்தை அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். மேலே மாட்டினால் கழுத்து வலிக்கும். அத்தையைத் தூணருகே உட்காரச் சொல்லி, அவர் கண் மட்டத்தையும் ஊஞ்சலில் அத்தானின் கண் மட்டத்தையும் சுவரில் சாக்பீஸால் குறித்தேன். இரண்டுக்கும் நடுவே திரையின் மையம். அக்கா வீட்டுச் சுவர் சுண்ணாம்புச் சாந்து, துளை போட்டதும் பொலபொலவென்று மாவாகக் கொட்டியது. அதில் பிளாஸ்டிக் பிளக் நிற்காது. கொத்தனாரை வைத்து நான்கு இடத்தில் செங்கல் வரை குடைந்து மரக்கட்டை இறக்கி, சிமென்ட் பூசி, ஒரு வாரம் ஆறவிட்டுத்தான் ஸ்டாண்டை முடுக்கினோம். சுவருக்கும் டிவிக்கும் நடுவே காற்றுப் போக இரண்டு இன்ச் விட்டேன். பின்பக்கத் துவாரங்களில் கொசுவலைத் துண்டைத் தளர்வாக ஒட்டினேன், பல்லி புகுந்து போர்டில் ஷார்ட் ஆவது இந்தப் பக்கம் சர்வசாதாரணம். வெப்பம் வெளியேற வேண்டும் என்பதால் துணி கூடாது, கண் பெரிதான வலை வேண்டும். தூசி சேர்ந்தால் எடுத்துக் கழுவிப் போடுங்கள்.

டிவியைத் தூக்கி மாட்டுவதற்கு முன் முதுகில் இருக்கும் மாடல் எண், சீரியல் எண் ஸ்டிக்கரைப் போனில் படம் எடுத்து, பில்லின் படத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். வாரன்டிக்குப் போன் செய்தால் முதலில் அதைத்தான் கேட்பார்கள், மாட்டிய பிறகு அதைப் படிக்க டிவியையே இறக்க வேண்டியிருக்கும்.