நாற்பது தாண்டியபின் எந்த வகுப்பில் சேருவது?

சிங்கப்பூரில் 2030க்குள் குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65 வயதைத் தொட்டிருப்பார். ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கையோ 2023லேயே 0.97க்கு இறங்கிவிட்டது. வேலைக்கு வரும் இளையர்கள் குறைந்துகொண்டே போகும்போது பொருளாதாரம் வளர வேண்டுமென்றால், ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களின் திறன்தான் கூட வேண்டும். 40 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்கு 2024 மே மாதத்திலிருந்து 4,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை, அதாவது வகுப்புக் கட்டணத்துக்கு அரசாங்கம் தரும் தொகை, கிடைப்பது அதற்காகத்தான். துவாஸில் ஒரு கிடங்கில் நான் மேற்பார்வையாளர். என்னோடு வேலை செய்யும் அண்ணன்மார், அக்காமார் பலர் இன்னும் அந்தப் பணத்தைத் தொடவில்லை. அவர்களிடம் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

வகுப்புப் பட்டியலை அப்புறம் பார்க்கலாம். முதலில் உங்கள் வேலையிடத்தைப் பாருங்கள். எங்கள் கிடங்கில் சரக்கை எண்ணுவது இப்போது ஸ்கேனர். ஆனால் கணினி காட்டும் கணக்கும் ரேக்கில் இருக்கும் பெட்டிகளும் ஒத்துப்போகாத நாளில், எங்கே தேடுவது என்று இருபது வருடம் சரக்கோடு புழங்கியவருக்குத்தான் தெரியும். எக்செல் தெரியாததால் அந்தப் பொறுப்பு அவர் கைக்குப் போவதில்லை. இப்படி, உங்கள் அனுபவத்தை ஒட்டியே ஒரு குறை இருக்கும். அதை நிரப்பும் வகுப்பைத் தேடுங்கள். புதிதாக வேறு துறைக்குத் தாவுவதைவிட இதற்குப் பலன் சீக்கிரம் கிடைக்கும் என்பது என் எண்ணம்.

சரி, இனி பணம். மைஸ்கில்ஸ்ஃபியூச்சர் இணையத்தளத்தில் சிங்பாஸ் (அரசாங்க மின்னடையாளக் கணக்கு) வழியாக நுழைந்தால் மீதித் தொகை தெரியும். இந்த 4,000 வெள்ளி எல்லா வகுப்புக்கும் செல்லாது. வேலைக்கு உதவும் என்று தேர்ந்தெடுத்த வகுப்புகளுக்கு மட்டும். 40 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்குப் பல வகுப்புகளில் கட்டணத்தில் 90 விழுக்காடு வரை மானியம் உண்டு. அதைக் கழித்தபின் வரும் தொகையைப் பயிற்சி நிலையத்திடம் கேளுங்கள். வகுப்பு தொடங்குவதற்கு முன்பே விண்ணப்பியுங்கள். சிங்பாஸ் கடவுச்சொல்லை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

“இந்த வயதில் எதற்கு?” என்று கேட்பவர்களுக்கு: 2026 ஜூலையிலிருந்து ஓய்வு வயது 64, மறுவேலைவாய்ப்பு வயது, அதாவது ஓய்வு வயதுக்குப் பிறகும் தகுதியுள்ளவருக்கு முதலாளி வேலை தர முன்வர வேண்டிய வயது வரம்பு, 69. ஐம்பது வயதுக்காரருக்கு இன்னும் பத்தொன்பது வருட வேலை இருக்கலாம்.

வகுப்பு முடியும்வரை காத்திருக்காமல் உங்கள் மேலாளரிடம் பேசுங்கள். “இந்த மாதச் சரக்கு அறிக்கையை நான் தயாரிக்கட்டுமா?” என்று நேராகக் கேளுங்கள். கற்றதைச் செய்து பார்க்க வேலையில் இடம் கிடைத்தால்தான் கையில் நிற்கும். அடுத்த சம்பளப் பேச்சில் எடுத்து வைக்கவும் உங்களிடம் ஏதாவது இருக்கும்.