ப்ராக்ஸியைக் கட்டாயமாக்கும்போது எங்கே ஓட்டை விழுகிறது

நெட் பயன்பாடு முழுவதும் ப்ராக்ஸி என்ற இடைநிலை சர்வர் வழியாகவே போக வேண்டும் என்று ஸ்க்விட் என்ற ப்ராக்ஸி மென்பொருளை நிறுவி, எல்லாக் கணினிகளின் பிரவுசரிலும் அதன் ஐபி முகவரியையும் 3128 போர்ட்டையும் போட்டுவிட்டு, வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் மிகப் பரவலான தவறு. அந்த செட்டிங்கை மாற்ற அரை நிமிடம் போதும். விண்டோஸின் குரூப் பாலிசியால் (எல்லாக் கணினிகளையும் ஒரே இடத்திலிருந்து கட்டுப்படுத்தும் வசதி) பூட்டினாலும், பென் டிரைவில் போர்ட்டபிள் பிரவுசர் கொண்டுவருபவரை அது தடுக்காது. கட்டாயப்படுத்துவது, நெட்வொர்க்கின் வாசலில் போக்குவரத்தை வடிகட்டும் பயர்வாலின் வேலை: வெளியே போக ப்ராக்ஸி சர்வரின் ஐபிக்கு மட்டும் அனுமதி, மற்றவற்றுக்கு மறுப்பு.

அந்த மறுப்பைப் பாதியில் நிறுத்திவிடுபவர்கள் நிறைய. இணையத் தளங்களுக்கான டிசிபி 80, 443 போர்ட்கள் இரண்டையும் மூடிவிட்டு யுடிபி 443-ஐ மறந்துவிடுவார்கள். பிரவுசர்கள் டிசிபிக்குப் பதிலாகப் பயன்படுத்தும் குயிக் (QUIC) நெறிமுறை அந்த வழியாகத்தான் ஓடுகிறது. யூடியூப் பார்ப்பது மட்டும் ப்ராக்ஸி லாகில் (பதிவேட்டில்) வராவிட்டால் முதலில் இதைப் பாருங்கள். அடுத்த ஓட்டை, புதிய வகை ஐபி முகவரியான ஐபிவி6. லினக்ஸின் பயர்வால் கருவியான ஐபிடேபிள்ஸில் எழுதிய விதிகள் ஐபிவி4-ஐ மட்டுமே கட்டுப்படுத்தும். ஐபிவி6-க்குத் தனியாக எழுத வேண்டும். மறுக்கும்போது பாக்கெட்டை ஓசையில்லாமல் விழுங்கிவிடாதீர்கள். இணைப்பை முறிக்கும் பதிலான டிசிபி ரீசெட் அனுப்பினால் பிரவுசர் உடனே பிழை காட்டும். இல்லாவிட்டால் நெட் மெதுவாக இருக்கிறது என்ற புகார்தான் வரும்.

கணினிகளைத் தொடாமலே முடிக்கலாம் என்று 443 டிராஃபிக்கை அப்படியே 3128-க்குத் திருப்புகிறவர்கள் உண்டு. அந்த போர்ட் எதிர்பார்ப்பது சாதாரண எச்டிடிபி. வருவதோ குறியாக்கம் செய்த டிஎல்எஸ். எந்தத் தளமும் திறக்காது. இடைமறித்துப் பிரித்துப் படிக்க ஸ்க்விட்டில் வசதி உண்டு, ஆனால் உங்கள் சிஏ சான்றிதழ் (தளச் சான்றிதழ்களை நம்பச் செய்யும் மூலச் சான்றிதழ்) ஒவ்வொரு கணினியிலும் இருக்க வேண்டும். அப்போதும் குறிப்பிட்ட சான்றிதழை மட்டுமே ஏற்கும்படி ‘பின்’ செய்துள்ள செயலிகள் வேலை செய்யாது. வங்கித் தளங்களைப் பிரிக்காமல் விடுவதே முறை. தளத்தின் பெயரை மட்டும் பார்த்துத் தடுப்பது போதுமென்றால், ஸ்க்விட் 3.5 முதல் எஸ்என்ஐயை (இணைப்பின் தொடக்கத்தில் வரும் தளப் பெயர்) படித்துவிட்டு இணைப்பைப் பிரிக்காமலே கடத்தலாம். இன்னொன்று, இடைமறிக்கும் முறையில் ப்ராக்ஸி பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்க முடியாது. நடுவில் ப்ராக்ஸி இருப்பதே பிரவுசருக்குத் தெரியாதே. ஆள்வாரியாக லாக் வேண்டுமென்றால் பிரவுசருக்கு ப்ராக்ஸியைத் தெரிவிக்க வேண்டும்; எந்த ப்ராக்ஸி வழியாகப் போக வேண்டும் என்று பிரவுசருக்குச் சொல்லும் பிஏசி ஃபைல் அதற்கு வசதியான வழி.

அந்த பிஏசி ஃபைலின் கடைசியில் பழக்கதோஷத்தில் ‘டைரக்ட்’ (ப்ராக்ஸி இல்லாமல் நேரடியாகப் போ) என்று சேர்க்காதீர்கள். ப்ராக்ஸி நின்றால் எல்லோரும் பயர்வாலில் போய் முட்டுவார்கள், உங்களுக்குக் குழப்பம்தான் மிச்சம். விண்டோஸ் டிஎன்எஸ் சர்வர் 2008 பதிப்பு முதல் பிஏசி ஃபைலைத் தானாகத் தேடப் பிரவுசர் பயன்படுத்தும் ‘டபிள்யூபிஏடி’ (WPAD) என்ற பெயரை இயல்பாகவே தடுத்து வைத்திருக்கிறது. தானியங்கிக் கண்டறிதல் வேலை செய்யாததற்கு அது காரணமாக இருக்கலாம்.

ஸ்க்விட் விதிகளில் முதலில் பொருந்துவதே இறுதி. உள் நெட்வொர்க்குக்கான பொது அனுமதி மேலே இருந்தால் கீழுள்ள தடைகள் வெறும் அலங்காரம். ப்ராக்ஸி வழியாக நேர் இணைப்பு கேட்கும் கனெக்ட் கோரிக்கையை 443-க்கு மட்டும் அனுமதியுங்கள். இல்லையேல் ப்ராக்ஸி வழியாகவே எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள கணினியில் நுழையும் இணைப்பு) போகும்.

மூடுவதற்கு முன் ஒரு வாரம், நேரடியாக வெளியே போகும் இணைப்புகளை பயர்வாலில் லாக் மட்டும் செய்யுங்கள். பயோமெட்ரிக் வருகைப்பதிவு, சிசிடிவி டிவிஆர், பிரிண்டர் எல்லாம் அதில் தெரியவரும். ப்ராக்ஸி செட்டிங் இல்லாத கருவிகளுக்கு, அவை தேடும் முகவரிக்கு மட்டும் விலக்கு கொடுங்கள். விண்டோஸ் அப்டேட் பிரவுசர் செட்டிங்கை நம்பியிருக்காது. விண்டோஸ் சேவைகள் பயன்படுத்தும் வின்எச்டிடிபிக்குத் தனியாக ப்ராக்ஸி வைக்க வேண்டும்.