பழைய பயண டிரெய்லரைப் புதுப்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரின் பின்னால் மாட்டி இழுத்துப்போய், உள்ளேயே சமைத்துப் படுத்துக்கொள்ளும் பழைய பயண டிரெய்லர் ஒன்று கைக்கு வந்ததும் பலர் முதலில் போவது பெயின்ட் கடைக்குத்தான். அப்புறம் மெத்தை உறை, திரைச்சீலை, குட்டி விளக்குகள். எல்லாம் முடிந்தபிறகு மழை வருகிறது. புதிதாகப் பூசிய சுவரில் பழுப்புக் கறை இறங்குகிறது. இந்த வேலையில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை, ஒழுகலைச் சரிசெய்யாமல் மூடி மறைப்பதன் வெவ்வேறு வடிவங்கள்தான்.

1950, 60-களில் செய்யப்பட்ட டிரெய்லர்களில் பெரும்பாலானவை வெளியே அலுமினியத் தகடு, உள்ளே மெல்லிய மரச்சட்டகம். தகடு லேசில் கெடாது. அதனால் வெளியிலிருந்து பார்த்தால் வண்டி நல்ல நிலையில் இருப்பதாகவே தோன்றும். ஜன்னல்களின் மேல்விளிம்பு, கூரையில் காற்றுக்காக வைத்த திறப்பு, மூலைகளில் ஓடும் ஓரப்பட்டை ஆகியவற்றின் வழியே இறங்கிய தண்ணீர், உள்ளே மரத்தை மக்க வைத்திருக்கும். வாங்கப் போகும்போது ஒரு டார்ச்சும் குத்தூசியும் கொண்டுபோங்கள். முன்ஜன்னலின் அடிப்பகுதி, அலமாரிகளின் பின்மூலை, படுக்கைக்குக் கீழுள்ள பெட்டியின் ஓரம் ஆகிய இடங்களில் குத்திப் பாருங்கள். நல்ல மரம் ஊசியைத் தடுக்கும். எதிர்ப்பே இல்லாமல் இறங்கினால், கண்ணுக்குத் தெரிவதைவிடப் பல மடங்கு உள்ளே போயிருக்கிறது என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒழுகல் தெரிந்ததும் அடுத்த தவறு, சிலிக்கோன் குழாயை எடுத்து எல்லா இடுக்கிலும் பிதுக்குவது. தண்ணீர் நுழையும் இடம் ஒன்று, சொட்டும் இடம் இன்னொன்று. சொட்டும் இடத்தை அடைத்தால் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் மரத்திலேயே தங்கும். அதோடு, சிலிக்கோன் ஒட்டிய இடத்தில் பிறகு பெயின்டும் பிடிக்காது, வேறு பசையும் பிடிக்காது. சரியான வழி கொஞ்சம் சலிப்பானது. ஓரப்பட்டையின் திருகுகளைக் கழற்றிப் பட்டையை எடுக்க வேண்டும். அடியில் காய்ந்து வெடித்துப் போயிருக்கும் பழைய அடைப்புப் பசையைச் சுரண்டித் துடைக்க வேண்டும். பியூட்டில் டேப் (ரப்பர் போல மென்மையாக ஒட்டும் அடைப்புப் பட்டை) ஒட்டி, துருப்பிடிக்காத புதுத் திருகுகளைக் கொண்டு பட்டையைத் திரும்ப இறுக்க வேண்டும். பிதுங்கி வெளிவரும் டேப்பை உடனே வெட்டாமல் சில நாள் விடுங்கள். வெயிலில் இன்னும் கொஞ்சம் பிதுங்கும், அப்புறம் வெட்டிக்கொள்ளலாம்.

மக்கிய மரத்தை மாற்ற உள்பக்கத்தைப் பிரித்துப் போடுவதுதான் மிகவும் செலவு வைக்கும் தவறு. இந்த வகை டிரெய்லர்களைத் தொழிற்சாலையில் உள்ளிருந்து வெளியே கட்டினார்கள்: முதலில் தரை, பிறகு அலமாரிகளும் உட்சுவரும், அதற்குப் பின்னால் சட்டகம், கடைசியாகத் தகடு. அலமாரிகளும் கூட்டைத் தாங்கும் உறுப்புகள்தான். அவற்றைப் பிடுங்கினால் கூரை தொய்யும், சுவர் சாயும். தகட்டை ஒரு பக்கம் மட்டும் கழற்றி, வெளியிலிருந்தே சட்டங்களை மாற்றி மூடிவிட்டு, அப்புறம் மறுபக்கம் போங்கள். கழற்றும் ஒவ்வொன்றையும் படமெடுத்து எண் போடுங்கள். பாதி உதிர்ந்துபோன வளைவுச் சட்டத்தைக்கூடத் தூக்கி எறிய வேண்டாம். புதியதை வெட்ட அதுதான் அச்சு.

ஏர்ஸ்ட்ரீம் என்ற அமெரிக்க டிரெய்லர் மாதிரி ரிவெட் அடித்த அலுமினியக் கூடுகளின் கதை வேறு. அங்கே மக்குவது தரை பிளைவுட், குறிப்பாகப் பின்பக்க ஓரம். கூடும் அடிச்சட்டமும் அந்த ஓரத்தில்தான் பிணைக்கப்பட்டிருக்கின்றன. பின்பம்பரின் மேல் ஏறி நின்று அழுத்திப் பாருங்கள். பம்பர் கீழே போகிறது, கூடு கூடவே அசையவில்லை என்றால் இரண்டும் பிரிந்துவிட்டன. அதன்மேல் புது வினைல் விரிப்பது வீண்வேலை.

ஓடும் பாகங்களை 'இழுத்துக்கொண்டுதானே வந்தோம்' என்று விட்டுவிடுகிறார்கள். டயரின் பூ தேயாமல் இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். நின்றே கிடந்தாலும் ரப்பர் கெடும். டயரின் பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள், அது தயாரித்த தேதி: 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பேரிங்கைக் கழற்றிப் புது கிரீஸ் வையுங்கள், பிரேக்கைச் சோதியுங்கள். எடைப் பங்கீடும் முக்கியம். இணைப்புக் கொக்கியின் மேல் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் விழ வேண்டும். புதுச் சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் பின்பக்கமாக வைத்தால் முன்பாரம் குறைந்து, வேகத்தில் டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும்.

மின்சாரத்தில் சிக்கனம் கூடாது. உடலே உலோகம் என்பதால், எர்த் சரியில்லாதபோது ஒரு வயர் உரசினால் முழு டிரெய்லரும் ஷாக் அடிக்கும். டிரெய்லருக்குள் இருக்கும் மின்பேனலில் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துவிடுவதும் ஆபத்து. இந்த வேலையைத் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். கேஸ் இணைப்பில் பழைய ரெகுலேட்டரையும் ஹோஸையும் மாற்றிவிட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். புகை வெளியேற வழியில்லாத பழைய ஹீட்டரைப் பயன்படுத்தவே வேண்டாம். எப்படியும் உள்ளே கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று இருக்கட்டும்.

உட்சுவர் பிர்ச் என்ற வெளிர்நிற மரப் பலகையாக இருந்தால் அவசரப்பட்டு வெள்ளை அடித்துவிடாதீர்கள். இது என் சொந்த விருப்பமும்தான், ஆனால் அடித்த வெள்ளையை எடுப்பது பெரும்பாடு என்பது விருப்பம் சார்ந்ததல்ல. ஏற்கெனவே யாரோ பெயின்ட் அடித்திருந்தால் உப்புத்தாளால் உலரத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள், பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். புதிதாக மாற்றிய பலகை மட்டும் வெளிறித் தெரிந்தால் அம்பர் நிற அரக்கு வார்னிஷை மெல்லிய பூச்சுகளாக ஏற்றுங்கள். முதலில் ஒரு துண்டில் பூசி, காய்ந்தபின் பழைய சுவரோடு ஒட்டி வைத்துப் பாருங்கள். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் வேறு நிறம்.