‘பேக்கப் ஓடுதுண்ணா’: சின்ன ஆபீஸ் சர்வரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் காட்பாடியில் ஒரு தம்பி, தான் பார்த்துக்கொள்ளும் ஆபீஸ் சர்வரைக் காட்டினான். பத்துப் பேர் பயன்படுத்தும் உபுண்டு மெஷின். “பேக்கப்?” என்றேன். “அது தினமும் ஓடுதுண்ணா.” “சரி, அதிலிருந்து ஒரு ஃபைலை எடுத்துக் காட்டு” என்றதும் முகம் மாறிவிட்டது. அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு காலத்தில் என்னுடையது. பாஸ்வேர்டு, அப்டேட் பற்றியெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

பர்மிஷன் தகராறா, போடு 777

ஃபோல்டர் திறக்கவில்லை என்று ஒருவர் கத்தினால் உடனே 777, அதாவது யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம் என்ற பர்மிஷன். அதையே ஹோம் ஃபோல்டருக்கும் போட்டுவிட்டு, மறுநாள் ‘எஸ்எஸ்ஹெச் கீ வேலை செய்யவில்லை’ என்று வருவார்கள் (தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழைய, பாஸ்வேர்டுக்குப் பதிலாக வைக்கும் சாவி அது). யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய ஹோம் ஃபோல்டரில் இருக்கும் கீயை எஸ்எஸ்ஹெச் நம்பாது.

குரூப் போட்டால் வேலை முடிந்தது. நான் பார்த்துக்கொண்ட ஓர் ஆடிட்டர் ஆபீஸில், 2019-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்று ஃபோல்டர், மூன்று குரூப் வைத்தோம். பர்மிஷன் 2770. முன்னால் இருக்கும் அந்த 2தான் முக்கியம்: உள்ளே யார் புது ஃபைல் உருவாக்கினாலும் அது அந்த ஃபோல்டரின் குரூப்புக்கே போகும். புது ஃபைலுக்கு என்ன பர்மிஷன் கிடைக்கும் என்று தீர்மானிக்கும் யூமாஸ்க் 002 ஆக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிக்கத்தான் முடியும், திருத்த முடியாது.

‘யூசர்மாட்’டில் சின்ன ‘ஏ’வை மறப்பது

ஆளைக் குரூப்பில் சேர்க்கும் இந்தக் கட்டளையில் சின்ன ‘ஏ’ இல்லாமல் பெரிய ‘ஜி’ மட்டும் போட்டால், நீங்கள் சொன்ன குரூப்பில் சேர்த்துவிட்டு மற்ற கூடுதல் குரூப்புகளிலிருந்து ஆளைத் தூக்கிவிடும், அட்மின் அதிகாரம் தரும் சூடோ உட்பட. என்னையே நான் இப்படி வெளியே தள்ளிக்கொண்டு, கீபோர்டும் மானிட்டரும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறேன்.

வேலையை விட்டுப் போனவரின் கணக்கு

பாஸ்வேர்டைப் பூட்டினால் போதாது. எஸ்எஸ்ஹெச் கீ இருந்தால் அவர் உள்ளே வந்துகொண்டுதான் இருப்பார். கணக்கையே காலாவதியாக்குங்கள். அழிக்கவும் அவசரப்படாதீர்கள். சர்வர் அவருக்குக் கொடுத்த யூசர் எண், 1004 என்று வையுங்கள், அடுத்து சேரும் பையனுக்கே போகலாம். போனவர் விட்டுச்சென்ற ஃபைல்களுக்கெல்லாம் அப்புறம் அவன்தான் சொந்தக்காரன்.

டிஸ்க் இருக்கிறதா என்று பார்க்காத பேக்கப்

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. அதே ஆடிட்டர் ஆபீஸ். தினமும் இரவு ஒரு மணிக்கு ஆர்சிங்க் ஓடி, வெளியே தனி அடாப்டரில் இருக்கும் டிஸ்குக்கு எல்லாவற்றையும் நகலெடுக்கும். முடிந்ததும் ‘சக்சஸ்’ என்று மெயில். எழுதியது நான்.

மே மாதம், அக்னி நட்சத்திரம். வேலூர் வெயில் தாங்காமல் யாரோ டேபிள் ஃபேனுக்காக டிஸ்கின் அடாப்டரைப் பிடுங்கிவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பே இல்லை, நானாக இருந்தாலும் பிடுங்கியிருப்பேன். அன்று மாலையே கரண்ட் போய் வந்தது. சர்வர் தானாக எழுந்தது. டிஸ்க் இல்லாவிட்டாலும் பூட் ஆகட்டும் என்று, எந்தெந்த டிஸ்கை இணைப்பது என்ற பட்டியலான எஃப்எஸ்டேபில் ‘நோஃபெயில்’ போட்டு வைத்திருந்த புத்திசாலியும் நான்தான்.

டிஸ்க் மவுன்ட் ஆகாவிட்டாலும், அதாவது சர்வரோடு இணையாவிட்டாலும், அது மவுன்ட் ஆக வேண்டிய ஃபோல்டர் காலியாக அங்கேயே இருக்கும். ஆர்சிங்குக்கு அது சாதாரண ஃபோல்டர். சர்வரின் உள் டிஸ்கிலிருந்து அதே உள் டிஸ்குக்கு சமர்த்தாக நகலெடுத்தது. இடம் தாராளமாக இருந்ததால் எதுவும் நிரம்பவில்லை. மெயில் தினமும் வந்தது. முதல் நாள் லாக் மட்டும் வழக்கத்தைவிடப் பல மடங்கு நீளம். கடைசி வரியை மட்டும் படிக்கிறவனுக்கு அது எங்கே தெரியும்?

செப்டம்பர் கடைசி வாரம், டாக்ஸ் ஆடிட் கெடு நெருக்கத்தில், உள் டிஸ்க் செத்தது. அசலும் நகலும் ஒன்றாகப் போயின. வெளி டிஸ்கில் இருந்ததெல்லாம் மே மாதத்துக் கணக்கு. “ஏம்ப்பா, தினமும் சக்சஸ்னு மெயில் வந்துச்சே?” என்று ஆடிட்டர் சார் கேட்டார். நான்கு மாத வவுச்சர்களை மறுபடி உட்கார்ந்து அடித்தார்கள்.

பெரிய இடத்திலும் இது நடக்கும். 2017 ஜனவரி 31 அன்று, புரோகிராமர்கள் கோடு வைக்கும் கிட்லேப் தளத்தில் ஒருவர் தவறுதலாக டேட்டாபேஸை அழித்தபோது, தினசரி டேட்டாபேஸ் நகல் (டம்ப்) வெர்ஷன் பொருந்தாமல் தோற்றுக்கொண்டிருந்தது தெரியவந்தது. தோல்வியைச் சொல்லும் மெயில்களும் போய்ச் சேரவில்லை. வேறொரு காரணத்துக்காக எடுத்து வைத்திருந்த ஆறு மணி நேரப் பழைய ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது.

இப்போது என் ஸ்கிரிப்டின் முதல் வேலை ‘மவுன்ட்பாயின்ட்’ கட்டளையால் டிஸ்க் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது. இல்லையென்றால் அங்கேயே நின்று அலறும். டிஸ்க் ஏறாதபோது அந்தக் காலி ஃபோல்டரில் யாரும் எழுத முடியாதபடி ‘சிஹெச்ஏடிடிஆர்’ போட்டுப் பூட்டியும் வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை மூன்று ஃபைல்களை வேறு மெஷினில் எடுத்துத் திறந்து பார்ப்பேன். அதில் ஒன்றாவது அந்த வாரம் மாறிய ஃபைலாக இருக்க வேண்டும்.

மிரரை பேக்கப் என்று நம்புவது

மிரர் என்றால் அசலை அப்படியே பிரதிபலிக்கும் நகல். மாலையில் தவறாக அழித்தது இரவு ஒரு மணிக்கு அங்கேயும் அழியும். தேதிவாரியாக வையுங்கள்.

பேக்கப் டிஸ்கை சம்பாவில் ஷேர் செய்வது

சம்பா, சர்வர் ஃபோல்டர்களை விண்டோஸ் பிசிகளுக்குத் திறந்துவிடும். அவற்றில் ஏதாவது ஒன்றில், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்தால் பேக்கப் டிஸ்கும் காலி. காட்பாடித் தம்பி இதைத்தான் செய்து வைத்திருந்தான்.